கணினிக் கேள்வி–பதில்: இலவசத் தரவுத்தளங்களை யார் பராமரிக்கிறார்கள்?

எங்கள் மருந்துக் கடைக்கு உறவினர் ஒருவர் பில் போடும் மென்பொருள் எழுதித் தந்திருக்கிறார். கணக்கெல்லாம் எஸ்கியூலைட் என்ற இலவசத் தரவுத்தளத்தில் சேர்வதாகச் சொல்கிறார். காசு வாங்காமல் தருகிற ஒன்றை நம்பிப் பல வருடக் கணக்கை வைக்கலாமா?
– கடை உரிமையாளர், விருதுநகர்

தாராளமாக வைக்கலாம். நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப், அந்நாட்டுக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தரவுத்தள சர்வர் நின்றுபோனால் தம் நிரலும் சேர்ந்து முடங்குவதைக் கண்டு, சர்வரே தேவைப்படாமல் ஒரே கோப்பில் அடங்கிவிடும் தரவுத்தளம் ஒன்றை 2000-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். இன்று அது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் உண்டு. அதன் நிரலுக்கு யாரும் உரிமை கோருவதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், அதைப் பராமரிக்கும் சிறு குழு சம்பளமில்லாமல் உழைக்கவில்லை. புளூம்பெர்க், பென்ட்லி போன்ற நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அதற்குப் பணம் தருகிறது.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2023-இல் வந்த 3.42 பதிப்பில் மூல நிரல் ஏறத்தாழ 1,56,000 வரிகள். அதைச் சோதிக்க எழுதிய நிரலோ 9 கோடியே 20 லட்சம் வரிகள், அதாவது 590 மடங்கு. 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பில் உருவாக்கிய கோப்பை இன்றைய பதிப்பும் திறக்கும். 2050 வரை ஆதரவு தரும் எண்ணத்தில் இருப்பதாகவும் அறிவித்திருக்கிறார்கள். பணம் வாங்கும் நிறுவனங்களே அவ்வளவு தூரம் வாக்குக் கொடுப்பதில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் கொடுப்பதில் வரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். மெக்காஃபி ஆன்டிவைரஸ் இந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, விண்டோஸ் கணினிகளின் தற்காலிகக் கோப்புறையில் ‘எஸ்கியூலைட்’ என்று தொடங்கும் கோப்புகள் தோன்றின. எரிச்சலடைந்தவர்கள் அந்தப் பெயரைக் கூகுளில் தேடி, எழுதியவர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நடு இரவில் எழுப்பித் திட்டினார்கள். 2006-இல் குழுவினர் அந்தக் கோப்புகளின் முன்னொட்டை ஆங்கிலத்தில் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதி, ‘எடில்க்யூஸ்’ என்று ஆக்கிவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்தோம் என்ற விளக்கம் மூல நிரலிலேயே குறிப்பாக இருக்கிறது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். தரவுத்தளக் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இரண்டு மூன்று கணினிகளிலிருந்து பில் போட வேண்டாம்; ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் கோப்புப் பூட்டு அங்கே சரியாக வேலை செய்யாமல் தரவு சிதையக்கூடும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைப் பென்டிரைவுக்கு நகல் எடுப்பதும் ஆபத்து. அதற்கென்றே உள்ள பேக்கப் கட்டளையைச் சேர்த்துத் தரும்படி உறவினரிடம் கேளுங்கள்.

நூலக உறுப்பினர் பட்டியலை அகர வரிசையில் கேட்டால் ‘கனகா’ முன்னும் ‘கமலா’ பின்னும் வருகிறது. இது தரவுத்தளத்தின் பிழையா?
– நூலகர், தஞ்சாவூர்

பிழை இல்லை, ஆனால் சரிசெய்ய வேண்டியதுதான். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ‘ன’, ‘ந’வுக்கு அடுத்தபடியாக, ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் முன்னால் இடம்பெற்றிருக்கிறது. நாம் பள்ளியில் படித்த வரிசையிலோ அது பதினெட்டாவது மெய். எஸ்கியூலைட் வேறெதுவும் சொல்லாதபோது எழுத்துகளின் பைட்டுகளை, அதாவது அவை கணினியில் பதியும் எண்களை, மட்டும் ஒப்பிடுவதால் அட்டவணை வரிசையே கிடைக்கிறது. மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியூ என்ற திறமூல (மூல நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய) நிரல் தொகுப்பை மென்பொருள் எழுதியவர் தனியாக இணைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு.

வரிசை என்பது பார்வைக்கு மட்டுமான விஷயமில்லை. தேடலுக்கான இன்டெக்ஸ் முழுவதும் அதை நம்பியே கட்டப்படுகிறது. 2018-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சி 2.28 பதிப்பில் வரிசை விதிகள் மாறியபோது, இயங்குதளத்தை மேம்படுத்திய பலருடைய போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ்கள், தரவுத்தளத்தை யாரும் தொடாமலே தவறாகிப்போயின. இருக்கிற பதிவை இல்லை என்று சொல்லும் நிலை அது. இயங்குதளத்தை மாற்றினால் இன்டெக்ஸ்களை மறுபடி கட்டிவிடுங்கள்.

திறமூலத் தரவுத்தளம் ஒன்றுக்கு நிரல் எழுதிப் பங்களிக்க ஆசை. எஸ்கியூலைட்டில் தொடங்கலாமா?
– பொறியியல் மாணவி, கோவில்பட்டி

எஸ்கியூலைட் வெளியாரின் நிரலைப் பொதுவாக ஏற்பதில்லை. உரிமை துறந்த நிரலில் வேறொருவரின் உரிமை கலந்துவிடக் கூடாது என்பதால், பங்களித்த ஒவ்வொருவரிடமும் கையொப்பமிட்ட பத்திரம் வாங்கி, அவற்றைத் தீப்பிடிக்காத பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸ் உங்களுக்குப் பொருந்தும். அங்கே ஆண்டில் சில மாதங்களை, வந்து குவிந்த பேட்ச்களை (பிறர் அனுப்பும் நிரல் திருத்தங்களை) சரிபார்ப்பதற்கென்றே ஒதுக்குகிறார்கள். எழுதுகிறவர்கள் நிறைய, சரிபார்க்கிறவர்கள் குறைவு என்பதுதான் அங்கே நிரந்தரக் குறை. எனவே புதிய வசதி எழுதும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பிறர் அனுப்பிய சிறிய பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்றைய மூல நிரலில் ஒட்டுகிறதா, நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகிறதா, சோதனைகள் தேறுகின்றனவா, ஆவணம் சொல்வதும் நிரல் செய்வதும் ஒன்றா என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். இது எடுபிடி வேலையாகத் தோன்றலாம். என் கணிப்பில், நிரலின் உள்கட்டமைப்பைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை.

எங்கள் நிறுவனம் முழுக்கத் திறமூலக் கருவிகளையே நம்பியிருக்கிறது. பராமரிப்பவர் சோர்ந்துபோனால் என்ன ஆகும்?
– மென்பொருள் பணியாளர், சென்னை

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூலக் கருவிக்கு ஆனதைப் பாருங்கள். நெடுங்காலம் அதை ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று முன்பின் தெரியாதவர்கள் நச்சரித்த வேளையில், உதவ வந்த ஒருவர் மெல்ல நம்பிக்கையைப் பெற்றுப் பொறுப்பாளராகி, 2024-இல் அதற்குள் பின்கதவு ஒன்றை, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழியை, வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட். வேக அளவீட்டுக்காகக் கணினியில் மற்ற வேலைகளைக் குறைத்துவைத்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாவதும், அது வழக்கத்துக்கு மீறி சிபியூவை உறிஞ்சுவதும் அவர் கண்ணில் பட்டன. சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனையில் வந்த விசித்திரமான எச்சரிக்கையும் நினைவுக்கு வர, விடாமல் துருவிப் பார்த்து மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

ஆகவே, நீங்கள் நம்பியிருக்கும் ஒவ்வொரு கருவியையும் எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று பட்டியலிடுங்கள். ஒருவரே இருந்தால், நிறுவனத்தின் வேலை நேரத்திலேயே ஒரு பொறியாளரை அவருக்கு உதவ அனுப்பும்படி மேலாளரிடம் கேளுங்கள். போஸ்ட்கிரெஸுக்கு அந்த அச்சம் குறைவு. பல நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் அதில் உழைக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவும் உண்டு. ஆனால் 13-ஆம் பதிப்பின் ஆதரவு 2025 நவம்பரில் முடிந்துவிட்டது. உங்கள் சர்வர்களில் அது இன்னும் ஓடுகிறதென்றால், பட்டியல் போடுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.