கடலோரச் செய்தியாளரிடம் கேளுங்கள்

குமரியிலும் நாகையிலும் புயல், வெள்ளச் செய்திகள் சேகரித்து வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

இதழியல் மாணவி, திருச்சி: அக்கா, பேரிடர் நடந்த ஊருக்கு முதல்முறை போகும்போது யாரிடம் பேச்சைத் தொடங்குவது?

முதல்முறை போவதே புயலுக்குப் பிறகு என்றால் அதுவே தாமதம்தான்மா. கடல் அமைதியாக இருக்கும் நாளிலேயே ஏலம் நடக்கும் இடத்திலும் டீக்கடையிலும் உங்கள் முகம் பழகியிருக்க வேண்டும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது குமரிக் கடலோர ஊர்களான தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை விசைப்படகுகள் பல, எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் பங்குக் கோவில்கள் (ஊர்த் தேவாலயங்கள்) தொகுத்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. படகின் பெயர், ஏறியவர்கள் பெயர், கடைசியாக வீட்டுக்குப் பேசிய நாள்: இதையெல்லாம் ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும். முன்பின் தெரியாதவரிடம் அந்த நேரத்தில் யார் சொல்வார்கள்?

வீடியோ செய்தியாளர், கடலூர்: கேமராவை எப்போது அணைக்க வேண்டும்?

இறந்தவர் உடலை அடையாளம் காட்டும் இடத்தில் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. பெற்றோரை இழந்த குழந்தையிடம் மைக்கை நீட்டவும் கூடாது.

தன்னார்வலர், ராமநாதபுரம்: எல்லார் கையிலும் போன் இருக்கும்போது சமுதாய வானொலி எதற்கு அக்கா?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது கரண்டும் போயிற்று, செல்போன் சிக்னலும் போயிற்று. பேட்டரி ரேடியோவுக்கு இரண்டுமே தேவையில்லை. இன்னொன்று, மொழி. துறைமுகத்தில் 10-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் புயல் அந்தத் துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள். 'கூண்டு ஏற்றப்பட்டது' என்று மட்டும் வாசித்தால் பாட்டிக்கு என்ன புரியும்? 'ஓட்டு வீட்டில் இருக்காதீங்க, பட்டாவை பாலித்தீன் பையில் சுருட்டி எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க' என்று சொல்ல வேண்டும். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 போல, மீனவர்களுக்காகவே ஒரு வானொலி இருப்பது அதனால்தான் முக்கியம்.

நிருபர், தஞ்சாவூர்: புயல் முடிந்து ஒரு வாரம் ஆனதும் பத்திரிகை ஆசிரியர் 'இந்தச் செய்தி போதும்' என்கிறாரே?

பட்டுக்கோட்டை, பேராவூரணியில் கஜா சாய்த்தது தென்னந்தோப்புகளை. நெட்டைத் தென்னை நட்டுக் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். நம் செய்திக்கும் ஆயுள் அவ்வளவு. பொதுவாகக் கேட்டால் ஆசிரியர் மறுப்பார். நிவாரணப் பட்டியலை வாங்கித் தெருத்தெருவாகச் சரிபாருங்கள். பட்டா இல்லாத குத்தகைக்காரர், வாடகை வீட்டுக்காரர் பெயர்கள் இருக்கின்றனவா? விடுபட்டவர்கள் பட்டியலோடு போய் நில்லுங்கள், அவருக்கு மறுக்கக் கஷ்டமாக இருக்கும்.