பழைய எல்இடி பலகையில் தொலைபேசி இலக்கத்தை மாற்றுவது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு ஆரையம்பதியில் கடை வைத்திருக்கிறேன். முகப்பில் எழுத்து ஓடும் பழைய எல்இடி பலகை ஒன்று உண்டு. செய்து தந்தவர் வெளிநாடு போய்விட்டார். அதில் ஓடும் தொலைபேசி இலக்கத்தை மாற்ற வேண்டும். உள்ளே 40 கால் ஐசி (மின்னணுச் சில்லு) ஒன்று, பக்கத்தில் 9 பின் சொக்கற் ஒன்று. யூஎஸ்பி கேபிள் கொழுவி ஐசியின் புரோகிராமை மாற்றி எழுதலாமா?

பதில்: அவசரப்பட்டு அந்த ஐசியில் எதையும் எழுதிவிடாதீர்கள். உங்களுக்குத் தேவையான இலக்கம் அதற்குள் இல்லாமலே இருக்கக்கூடும்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு (உள்ளே 230 வோல்ட் வருகிறது) பலகையைத் திறந்து பாருங்கள். பெரிய ஐசிக்கு அருகே 24சி16, 24சி64 என்று எழுதிய 8 கால் ஐசி இருந்தால் அது ஈப்ரோம். கரண்ட் போனாலும் அழியாத நினைவகம். ஓடும் வாசகத்தை அதில் வைப்பதுதான் வழக்கம். அதைக் கழற்றி, சிஎச்341ஏ புரோகிராமரில் (ஐசியை வாசித்து எழுதும் சிறு யூஎஸ்பி கருவி) வாசித்து, அப்படியே கணினியில் சேமியுங்கள். இலக்கங்கள் ஆங்கில எழுத்துக் குறியீடாகவே கண்ணில் படலாம். பட்டால் அவற்றை மாற்றி அதே ஈப்ரோமில் திரும்ப எழுதிப் பார்க்கலாம். தமிழ் வாசகம் மட்டும் அப்படித் தெரியாது. இந்தச் சின்னக் கட்டுப்படுத்திகளில் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை. புள்ளிப் படமாகவே பதிந்திருப்பார்கள்.

ஈப்ரோம் இல்லையென்றால் பெரிய ஐசியின் பெயரைப் பாருங்கள். என்ன செய்யலாம் என்பது அதைப் பொறுத்தது. ஏடி89சி51 என்றால் சீரியல் வழியே (கேபிளில் பிட் பிட்டாக அனுப்பி) எழுதவே முடியாது. கழற்றிப் பேரலல் புரோகிராமரில் (பல கால்கள் வழியே ஒரே நேரத்தில் எழுதும் கருவி) வைக்க வேண்டும். ஏடி89எஸ்52 என்றால் 6, 7, 8ஆம் கால்களும் ரீசெட் காலும் வழியாக யூஎஸ்பிஏஎஸ்பி போன்ற கருவியால் எழுதலாம். எஸ்டிசி89சி52 ஒன்றுதான் இந்த மூன்றில் நீங்கள் கேட்டபடி சீரியலில் எழுதக்கூடியது: கணினியில் எஸ்டிசிக்கு எழுதும் மென்பொருளை ஓடவிட்டு, அதன் பிறகே பலகைக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்திருந்தால் அது பதில் சொல்லாது. ஆனால் உள்ளே இருக்கும் புரோகிராமை எஸ்டிசி வெளியே தராது. புதிதை எழுதினால் பழையது போய்விடும், நகலும் இராது. ஏடி வகையிலும் பூட்டுப் போட்டிருந்தால் இதே கதிதான்.

9 பின் சொக்கற் இருப்பதால் புரோகிராம் எழுத வழி இருக்கிறது என்று எடுக்க வேண்டாம். வாசகம் அனுப்ப மட்டும் அதை வைத்திருக்கலாம். கிறிஸ்டலில் (ஐசிக்கு நேரத் துடிப்புத் தரும் சிறு பாகம்) 11.0592 என்று இருந்தால் செய்தவர் சீரியலை மனதில் வைத்தே செய்திருக்கக்கூடும். 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலில் 9600 என்ற சீரியல் வேகம் வழக்கமான முறையில் சரியாக அமையாது.

கேபிள் வாங்கும்போது கவனம். சொக்கற்றுக்கும் ஐசிக்கும் நடுவே மேக்ஸ்232 (ஆர்எஸ்232இன் உயர் வோல்ட்டை ஐசிக்கு ஏற்ற 5 வோல்ட்டாக மாற்றும் சிறு ஐசி) இருந்தால் யூஎஸ்பி-ஆர்எஸ்232 கேபிள் வாங்குங்கள். 5 வோல்ட் டிடிஎல் கேபிளை அந்தச் சொக்கற்றில் கொழுவினால் கேபிள் எரியலாம். ஆர்எஸ்232 கேபிளை ஐசியின் 10, 11ஆம் கால்களில் நேரே கொழுவினால் ஐசி போய்விடும். வாவிக் காற்றில் பின்கள் பச்சை பிடித்திருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.

ஒன்றுமே சரிவராவிட்டால் பழைய ஐசியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அது இருந்த இடத்திலேயே புது எஸ்டிசி89சி52 ஒன்றை வைத்துப் புதிய புரோகிராம் எழுதுவிக்கலாம். பழையது மேலே சொன்ன மூன்றில் ஒன்றானால் கால் அமைப்பு ஒன்றுதான். எந்தக் கால் எந்த வரிசை எல்இடிக்குப் போகிறது என்பதை மட்டும் மல்டிமீட்டரால் பார்த்துக் குறித்துக் கொடுங்கள்.