மேட்பிளாட்லிப்பில் அச்சு எண்களை மட்டும் மாற்றி எழுதினால் போதாதா?

பைத்தான் மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பில், படத்தின் அச்சுக்கோட்டில் விழும் குறிகளின் இடத்தைத் தொடாமல், செட்-எக்ஸ்டிக்லேபிள்ஸ் கட்டளையால் எண்களை மட்டும் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வேட்டுக்கான படமாகத்தான் இருக்கும் என்று எண்ணிச் சொல்கிறேன்: வேண்டாம்.

எங்கள் ஆய்வகத்தில் இளைய ஆய்வாளர் ஒருவர், சிலிக்கான் தூளின் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தை வரைந்திருந்தார். அச்சு 20 பாகையிலிருந்து 80 வரை. குறிகளைச் சம இடைவெளியில் வைக்கும் மல்டிபிள்-லொகேட்டர் வழியாகப் பத்துப் பாகைக்கு ஒரு குறி. பாகைச் சின்னம் வேண்டுமென்று 20 முதல் 80 வரையான எண்களை நீங்கள் கேட்ட அதே கட்டளையில் தாமே பட்டியலாகக் கொடுத்திருந்தார். செம்பின் கே-ஆல்ஃபா எனப்படும் எக்ஸ் கதிருக்கு 28.4 பாகையில் வரவேண்டிய முதல் முகடு, அவர் படத்தில் 38.4இல் நின்றது. தூளில் வேறு ஏதோ கலந்துவிட்டதென்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வலக்கோடியில் 80க்கான குறி எண்ணில்லாமல் வெறுமையாக இருந்ததை நான் கவனித்தேன். அந்த லொகேட்டர் படத்தின் எல்லைக்கு வெளியேயும் இருபுறமும் ஒவ்வொரு குறியைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். எனவே பட்டியலின் முதல் எண்ணான 20, கண்ணுக்குத் தெரியாத 10ஆம் பாகைக் குறிக்குப் போய்விட, மற்றவையெல்லாம் ஓர் இடம் தள்ளி அமர்ந்துவிட்டன.

மேட்பிளாட்லிப்பின் 3.5 பதிப்பு முதல் செட்-எக்ஸ்டிக்ஸ் கட்டளையிலேயே இடத்தையும் எழுத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். பாகைச் சின்னம் மட்டும் போதுமென்றால், செட்-மேஜர்-ஃபார்மேட்டரில் எண்களை எழுதும் வடிவத்தைச் சொல்லிவிட்டு எண்களை மென்பொருளிடமே விட்டுவிடுவது நல்லது. இடையில் சிறு குறிகளுக்கு ஆட்டோ-மைனர்-லொகேட்டரில் 5 என்று கொடுத்தால் இரண்டு பாகைக்கு ஒன்று விழும்.

படத் திருத்தியில் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலைக்கு இவ்வளவு நிரலா என்று சிலர் கேட்பார்கள். ஒரே ஒரு படத்துக்கு அது சரியாக இருக்கலாம். தரவு மாறும்போதெல்லாம் மீண்டும் கையால் எழுதும் பொறுமை அவர்களுக்கு இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

என் மனக்குறை வேறு. 2017இல் வந்த 2.0 பதிப்பில் குறிகள் இயல்பாகவே வெளிநோக்கித் திரும்பிவிட்டன. அதை உள்நோக்கித் திருப்பச் சொல்லி ஒரு பத்தி எழுதிய எங்கள் கட்டுரையின் மதிப்பாய்வாளர், எங்கள் பிழைக்கோடுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அத்தகையவர் உங்களுக்கும் வாய்த்தால், குறிகளின் தோற்றத்தை மாற்றும் டிக்-பாரம்ஸ் கட்டளையில் டைரக்‌ஷனுக்கு இன் என்றும், டாப், ரைட் இரண்டுக்கும் ட்ரூ என்றும், விச் என்பதற்கு போத் என்றும் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் சிறு குறிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு பத்தி எழுதுவார்.