12 டாலர் சிக்ஸ் பேக்கில் யாருக்கு எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிகாகோவில் நான் பீர் வாங்கும் கடையில் இரண்டு ஐபிஏக்கள் (ஹாப்ஸ் என்ற மணப்பூ அதிகம் போட்ட கசப்பு பீர்) அருகருகே இருக்கின்றன. ஒன்று உள்ளூர்ச் சிறு பிரூவரியுடையது (பீர் காய்ச்சும் ஆலை), சிக்ஸ் பேக் 12 டாலர். மற்றொன்று பெரிய நிறுவனம் வாங்கிவிட்ட கூஸ் ஐலண்ட், அதைவிட இரண்டு டாலர் குறைவு. இரண்டையும் கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளின் தனிச்சுவை பீர்) என்றுதான் சொல்கிறார்கள். ‘சின்ன பிரூவரி’ என்ற பெயரை வைத்தே கூடுதலாகக் கறக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெரிய நிறுவனம் வாங்கிய பிறகு விலை குறைந்தால் குடிப்பவருக்கு நல்லதுதானே? உரிமையாளர் யார் என்று நாம் ஏன் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 12 டாலரைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் நண்பர்களின் கணக்கு எங்கே தவறுகிறது என்று தெரியும். 1933இல் மதுவிலக்கு முடிந்ததும் அமெரிக்காவில் மூன்றடுக்கு முறை வந்தது. பிரூவரி விநியோகஸ்தருக்கு விற்கும், அவர் கடைக்கு விற்பார், கடை உங்களுக்கு விற்கும். சிறு பிரூவரிகள் நேராகக் கடைக்கு விற்கச் சில மாநிலங்கள் அனுமதிப்பதுண்டு, ஆனால் பெரும்பாலான பீர் இந்த வழியில்தான் வருகிறது. கடை தன் விற்பனை விலையில் 25 சதவீதமும், விநியோகஸ்தர் தன் விலையில் 30 சதவீதமும் வைத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். கடை 9 டாலருக்கு வாங்கியிருக்கிறது, பிரூவரியின் கைக்கு வந்தது 6.30. இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பிரூவரியில் செலவு ஒரு டாலர் ஏறினால் அலமாரியில் ஏறக்குறைய 1.90 ஏறும். நீங்கள் பார்த்த இரண்டு டாலர் வித்தியாசத்துக்குப் பின்னால், காய்ச்சும் இடத்தில் ஒரு டாலரைவிடச் சற்றே கூடுதலான வித்தியாசம் இருந்தாலே போதும்.

அந்த ஒரு டாலர் எளிதில் வந்துவிடும். ஒரு அமெரிக்க பேரல் என்பது 117 லிட்டர், 12 அவுன்ஸ் பாட்டில்கள் 330, அதாவது 55 சிக்ஸ் பேக். லைட் லாகர் என்ற மென்மையான சாதாரண பீருக்கு ஒரு பேரலுக்கு நூறு கிராம் அளவில் ஹாப்ஸ் போதும். நல்ல ஐபிஏவுக்கு ஒரு கிலோ வேண்டும், கலங்கலான புதுவகை ஐபிஏ என்றால் இரண்டு கிலோ வரை போகும். விலை ஹாப்ஸோடு நிற்பதில்லை. நொதித்த பிறகு போடும் ஹாப்ஸ் பீரை உறிஞ்சிக்கொண்டு தொட்டியின் அடியில் படிகிறது. இரண்டு கிலோ போட்டால் பத்து லிட்டருக்கு மேல் வடிகாலுக்குப் போய்விடும். அந்த பீருக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்), ஈஸ்ட், எரிபொருள், கூலி எல்லாம் கொடுத்தாகிவிட்டது.

அடுத்தது ஆள்நேரம். 10 பேரல் கொப்பரையில் ஒருமுறை காய்ச்ச, கழுவுவதையும் சேர்த்து எட்டு மணி நேரம் ஆகிறது. பலநூறு பேரல் கொப்பரையிலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதற்கு இணையாகக் கூடிவிடுவதில்லை. கேன் கொள்முதலிலும் இதே கதைதான். கேன் தயாரிக்கும் பால் கார்ப்பரேஷன் 2021 இறுதியில், ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளர்களுக்கு அச்சிட்ட கேன்களின் குறைந்தபட்ச ஆர்டரை ஒரு லாரியிலிருந்து ஐந்து லாரியாக உயர்த்தியது. ஐந்து லாரி என்றால் சுமார் பத்து லட்சம் கேன், அதுவும் ஒரே வடிவமைப்பில். சிறு பிரூவரிகள் பல வெற்றுக் கேனை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவது அதனால்தான். அது கேனுக்குக் கேன் செலவைக் கூட்டுகிறது.

வரியைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. மத்திய வரி உண்மையில் சிறியவர்களுக்குச் சாதகமானது. ஆண்டுக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல் போகாத உள்நாட்டு பிரூவரிக்கு முதல் 60,000 பேரலில் ஒவ்வொன்றுக்கும் 3.50 டாலர், பெரியவர்களுக்கு பேரலுக்கு 16 முதல் 18 டாலர். ஆனால் சிக்ஸ் பேக்குக்கு வகுத்துப் பார்த்தால் இந்தச் சலுகை கால் டாலர்தான் தேறும். மேலே சொன்ன செலவுகளை அது ஈடுகட்டாது.

இனி உரிமை. கூஸ் ஐலண்டை, பட்வைசர் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் 2011இல் 3.88 கோடி டாலருக்கு வாங்கியது. 312 என்பது சிகாகோவின் தொலைபேசிக் குறியீடு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரைத் தாங்கிய கோதுமை பீரின் உற்பத்தியையே நியூயார்க் மாநிலத்தின் பால்ட்வின்ஸ்வில் ஆலைக்கு மாற்றினார்கள். பெரிய ஆலையில் காய்ச்சினால் விலை குறையத்தான் செய்யும், அதில் தவறில்லை. உள்ளூர் பீர் என்று நம்பி வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

விலைக்குறைப்பைவிட எனக்குக் கவலை தருவது அலமாரி. 2015 இறுதியில் வெளிவந்த ஆன்ஹைசர்-புஷ்ஷின் ஊக்கத்திட்டம் ஒன்றைப் பாருங்கள். விநியோகஸ்தரின் விற்பனையில் 98 சதவீதம் தங்கள் பீராக இருந்தால், விளம்பரத்துக்கு அவர் தர வேண்டிய பங்கில் முக்கால்வாசி வரை நிறுவனமே திருப்பித் தரும். மீதி இரண்டு சதவீதத்துக்குள் எத்தனை சிறு பிரூவரிகள் நுழைய முடியும்? சாப்மில்லர் என்ற மற்றொரு பெரிய பீர் நிறுவனத்துடனான இணைப்புக்கு 2016இல் அனுமதி தந்தபோது, இப்படிப்பட்ட ஊக்கத்தொகைகளுக்கு அமெரிக்க நீதித்துறை கட்டுப்பாடு விதித்தது. இன்று அலமாரியில் இருக்கும் குறைந்த விலை நாளையும் நீடிக்க வேண்டுமானால் பக்கத்தில் போட்டி பீர் இருந்தாக வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

பெரிய நிறுவனங்கள் வாங்கிய பிரூவரியை வளர்க்கிறார்களா என்பதும் உறுதியில்லை. பாலஸ்ட் பாயின்ட் பிரூவரியை 2015இல் 100 கோடி டாலருக்கு வாங்கிய கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மது நிறுவனம், நான்கே ஆண்டில் கிங்ஸ் அண்ட் கன்விக்ட்ஸ் என்ற மிகச் சிறிய பிரூவரிக்கு விற்றுவிட்டது. ஆன்ஹைசர்-புஷ்ஷும் 2023இல் பிரெக்கன்ரிட்ஜ், புளூ பாயின்ட், 10 பேரல் உள்ளிட்ட எட்டு பிராண்டுகளை டில்ரே என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

லேபிளைப் பார்த்து உரிமையாளரைக் கண்டுபிடிப்பது கடினம். தாய் நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தலைகீழான பாட்டில் படம் போட்ட முத்திரையைத் தேடுங்கள். அது 2017இல் சிறு பிரூவரிகளின் சங்கமான பிரூவர்ஸ் அசோசியேஷன் கொண்டுவந்தது. கிராஃப்ட் பிரூவர் அல்லாத வேறொரு மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். முத்திரை இல்லாததால் மட்டும் பெரிய நிறுவனம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எல்லோரும் அதை அச்சிடுவதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. முத்திரை சுவைக்கு உத்தரவாதமில்லை. கேனில் அடைக்கும்போது உள்ளே சிக்கும் ஆக்சிஜனைப் பெரிய ஆலைகள் மிகக் கறாராகக் கட்டுப்படுத்துகின்றன. சிறிய அடைப்பு எந்திரங்களில் அது எளிதில் கூடிவிடும். கூடினால் ஹாப்ஸின் மணம் போய் நனைந்த அட்டை வாசம் வரும். சூடான அலமாரியில் நின்றால் இன்னும் சீக்கிரம் வரும். அதனால் குளிர்பெட்டியில் இருப்பதை எடுங்கள், கேனின் அடியில் தேதி பாருங்கள். அடைத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆன ஐபிஏவுக்கு யாருடையதானாலும் 12 டாலர் கொடுக்காதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது அவுன்ஸ் கணக்கில் ஒப்பிடுங்கள். 12 டாலர் சிக்ஸ் பேக்கில் 72 அவுன்ஸ், அவுன்ஸுக்கு 17 சென்ட். 16 அவுன்ஸ் கேன் நான்கு கொண்ட பேக்கில் 64 அவுன்ஸ்தான். 14 டாலர் என்றால் அவுன்ஸுக்கு 22 சென்ட் ஆகிறது. உள்ளூர் பிரூவரிக்குத் தன் ஆலையிலேயே நேரடியாக விற்க அனுமதி இருந்தால் அங்கே போய் வாங்குங்கள். அதே சிக்ஸ் பேக்கை அவர்கள் 10 டாலருக்குக் கொடுத்தாலும், கடை வழியாகக் கிடைக்கும் 6.30ஐவிட அது அவர்களுக்கு லாபம். உங்களுக்கும் இரண்டு டாலர் மிச்சம்.