மொட்டை மாடியில் விஸ்கி சுவைக்கலாமா?

கேள்வி: ஸ்காட்லாந்திலிருந்து வந்த என் மைத்துனர் இரண்டு சிங்கிள் மால்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரே ஆலையில் வடித்த) விஸ்கி பாட்டில்கள் கொண்டுவந்திருக்கிறார். நண்பர்கள் ஐந்து பேரை மொட்டை மாடிக்கு அழைத்து, நிதானமாகச் சுவைத்துப் பார்க்கும் மாலையாக அதை நடத்த விரும்புகிறேன். ஐஸ் கூடாது, அறை வெப்பநிலையில்தான் அருந்த வேண்டும் என்கிறார் அவர். நம் ஊர் வெயிலில் அது சரிவருமா?
- வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்லும் விதி குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தது. அங்கே அறை வெப்பநிலை என்றால் 20 டிகிரியை ஒட்டியிருக்கும். நம் ஊரில் சித்திரை மாதத்து இரவு எட்டு மணிக்கும் மாடித் தளம் காலைச் சுடும். அந்தச் சூட்டில் ஆல்கஹாலின் நெடி முந்திக்கொண்டு மூக்கில் ஏறுவதால், மால்ட்டின் மணம் பிடிபடாமலே போய்விடும். ஆகவே மாடியை மறந்துவிட்டு, ஏசி அறையில் அமருங்கள். ஐஸ் மணத்தை முடக்கிவிடும் என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக, பாட்டிலைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்தால் போதும்.

மாடி வேண்டாம் என்பதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். ஒருமுறை கொசுத்தொல்லைக்காக மேசைக்கடியில் கொசுவர்த்தி ஏற்றி வைத்திருந்தேன். முதல் கிளாஸை முகர்ந்த நண்பர்கள் அனைவரும் "புகை மணம் அபாரம்" என்று பாராட்டினார்கள். ஊற்றியிருந்ததோ புகைவாடையே இல்லாத மால்ட்!

ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 15 மில்லி போதும். நான்கு வகை சுவைத்தாலும் 60 மில்லிதான். நண்பர்கள் வழக்கமாக அருந்தும் விஸ்கியில் தொடங்குங்கள். நம் நாட்டில் மலிவாக விற்கும் விஸ்கிகளில் பெரும்பாலும் கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்த சாராயமே கலந்திருக்கும் என்பதால், முளைகட்டிய பார்லியில் மட்டுமே வடித்த மால்ட்டுடன் உள்ள வேறுபாடு அப்போதே புலப்படும். அடுத்து, பெங்களூரின் அம்ருத் போன்ற ஓர் இந்திய சிங்கிள் மால்ட்டை வையுங்கள். 2004-இல் கிளாஸ்கோவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது அது. முதிர்வதற்காக மரப்பீப்பாயில் வைக்கும் விஸ்கியில், ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூரில் அது 10 சதவீதத்தையும் தொடும். வெப்பத்தில் மரத்தின் சாரமும் விரைவாக இறங்கிவிடுகிறது. மைத்துனர் கொண்டுவந்தவற்றில் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு மால்ட் இருந்தால் அதைக் கடைசியில் ஊற்றுங்கள். பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்புநில மட்கின் புகையும் டிஞ்சர் போன்ற வாடையும் நாக்கில் தங்கிவிட்டால், பிறகு வேறெதுவும் தெரியாது.

வாய் குறுகிய சிறிய ஒயின் கிளாஸ் போதுமானது. முதலில் அப்படியே ஒரு வாய் சுவைத்துவிட்டு, பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால், அதுவரை பிடிபடாத மணங்கள் சில மேலெழும். தண்ணீர் மட்டும் கேன் தண்ணீராக இருக்கட்டும். நம் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அது விஸ்கியையும் கெடுக்கும். நடுநடுவே உப்பில்லாத முந்திரியோ வெறும் ரொட்டியோ போதும். சிக்கன் 65, மிளகு வறுவல், ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா எல்லாம் கடைசி கிளாஸ் காலியான பிறகுதான் மேசைக்கு வரவேண்டும்.

வண்டியில் வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, திரும்பிச் செல்ல ஆட்டோ ஏற்பாடு செய்துவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். மிஞ்சிய பாட்டிலை ஒயினைப் போலப் படுக்கவைக்காமல், வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். படுத்த பாட்டிலில் விஸ்கி கார்க்கை அரித்துவிடும்.