கேள்வி–பதில்: திரை விலகுவதற்கு முன்னால்

கே: நீங்கள் சொன்னதை நம்பி 'பிகமிங் டிராவியாட்டா' ஆவணப்படம் பார்த்தேன் சார். ஏறக்குறைய இரண்டு மணி நேரமும் ஒத்திகைதான். ஓபராவை எப்போது காட்டுவார்கள் என்று காத்திருந்ததுதான் மிச்சம்!
– வாசகர், திருச்சி

ப: அந்த ஒத்திகைக்காகத்தானே பார்க்கச் சொன்னேன்! 2011இல் தெற்குப் பிரான்சின் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் விழாவுக்காக இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா டிராவியாட்டா' ஓபராவை (வசனமெல்லாம் பாட்டாகவே வரும் மேடை நாடகம்) ழான்-ஃபிரான்சுவா சிவாதியே இயக்கினார். அவரும் நாயகி வயலெட்டாவாக நடித்த பாடகி நத்தலி டெஸேயும் மல்லுக்கட்டியதை ஃபிலிப் பெஸியா படமாக்கினார். 'சின்ன வயதிலேயே சங்கீத ஆர்வமா?' ரகப் பேட்டி ஒன்றுகூட இல்லாததே பெரிய நிம்மதி. ஒரு அடி எடுத்து வைப்பதா, நிற்பதா, எந்தச் சொல்லில் திரும்புவது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முழு ஓபராவும் பதிவாகக் கிடைக்கிறது, தனியாகப் பாருங்கள்.

கே: 1853ஆம் வருடத்து ஓபராவுக்கு இந்தக் காலத்து உடை மாட்டுவது வெர்டிக்குச் செய்யும் துரோகமில்லையா?
– வாசகி, கும்பகோணம்

ப: அம்மா, அதைக் கேட்டவரே வெர்டிதான்! கதைக்கு மூலம் மாரி டுப்ளெஸி, பணக்காரர்களின் ஆசைநாயகியாக வாழ்ந்த பாரிஸ் பெண். காசநோயில் 1847இல் இறந்தபோது அவளுக்கு வயது 23. அடுத்த வருடமே பிரெஞ்சு எழுத்தாளர் இளைய டூமா அதை நாவலாக்கினார், பிறகு நாடகமாக்கினார். வெர்டி ஓபராவாக்கியபோது அவள் இறந்து ஆறே வருடம். பார்க்க வந்தவர்கள் என்ன உடுத்தியிருந்தார்களோ அதையே மேடையிலும் உடுத்த வேண்டும் என்றார். வெனிஸில் லா ஃபெனிசே அரங்கத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. கதையை 1700 வாக்கில் தள்ளிவிட்டார்கள். கனவான்களும் அவர்கள் வைத்திருந்த பெண்களும் ஒரே அரங்கில் உட்காரும் ஊரில், 'இது நம் கதை' என்று தோன்றிவிடக் கூடாதே! 1853 மார்ச் 6 அரங்கேற்றம் ஊத்திக்கொண்டது. நோயில் இளைத்துச் சாக வேண்டிய நாயகி வாட்டசாட்டமாக இருந்ததில் ஜனங்கள் சிரித்தார்கள். மறு வருடம் அதே ஊரில் சான் பெனெடெட்டோ அரங்கில் அமோக வெற்றி. அப்போதும் உடை பழையதுதான். ஆகவே எல்லாப் பழியையும் துணிமேல் போடாதீர்கள்.

இதையே சாக்காக வைத்து மேடையில் செல்போனையும் சூட்கேஸையும் நிரப்பிவிட்டு 'நவீனம்' என்று சொல்லும் இயக்குநர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. சிவாதியே பண்டம் பாத்திரம் அதிகம் வைக்கவில்லை. மேடை கிட்டத்தட்ட காலி. அதனால் நடிப்பில் பொய் இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

கே: ஓபரா ஒத்திகைகளில் பாடகர்கள் ஏன் பாதிக் குரலில் முனகுகிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: 'மார்க்கிங்' என்பார்கள். மைக் கிடையாது; முழு இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். தினமும் அப்படிப் பாடினால் அரங்கேற்றத்தன்று தொண்டை இருக்காது. அதனால் உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி இறக்கியோ மெல்லத் தொட்டோ விட்டுவிடுவார்கள். ஆரம்ப ஒத்திகைகளில் இசைக்குழுவும் வராது. அத்தனை வாத்தியங்களின் வேலையையும் ஒரே பியானோக்காரர் பார்ப்பார். சம்பளத்தில் அது தெரியுமா என்று கேட்காதீர்கள்.

கே: ஓபரா வாசனையே இல்லாதவன் எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?
– மாணவர், நாகர்கோவில்

ப: 'லா டிராவியாட்டா'விலேயே இரண்டு இடங்கள். இரண்டாம் அங்கத்தில் காதலனின் அப்பா வந்து, 'என் மகளின் கல்யாணம் உன்னால் நின்றுவிடும், அவனை விட்டுவிடு' என்று கெஞ்சும் நீண்ட காட்சி. நம் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அடுத்தது, கடைசி அங்கத்தில் அந்த அப்பா எழுதிய கடிதத்தை வயலெட்டா படிக்கும் இடம். அங்கே பாட்டே கிடையாது, வெறும் பேச்சு. அடியில் வயலின்கள் முதல் அங்கத்துக் காதல் மெட்டை மெல்ல வாசிக்கும். படித்து முடித்ததும் 'நேரம் கடந்துவிட்டது' என்பாள். அதையும் பேசத்தான் வேண்டும். பெரிய குரலுள்ளவர்கள்கூடச் சாதாரணமாக நாலு வரி பேசத் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெஸே ஆரம்பத்தில் நடிப்புப் படித்தவர். அவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

முதலில் சொன்ன ஆவணப்படத்தை எடுத்த அதே பெஸியா, பிரெஞ்சு இசையமைப்பாளர் ரமோவின் 1735ஆம் வருட ஓபராவைப் பாரிஸ் பஸ்தி அரங்கில் தெரு நடனக்காரர்களை வைத்து ஒத்திகை பார்த்ததையும் படமாக்கியிருக்கிறார். பெயர் 'ஆந்த் கலாந்த்'. திருச்சிக்காரருக்கு மட்டும் முன்னெச்சரிக்கை: அதிலும் பெரும்பாலும் ஒத்திகைதான்!