பேரனுக்கு யூதக் கதை சொல்லலாமா?

கேள்வி: எங்கள் வீடு முலுண்டில். பேரனோடு நான்காம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் பெனே இஸ்ரேல் என்ற மராத்தி பேசும் யூதக் குடும்பம், தாணேயிலிருந்து வருகிறான். அவன் பாட்டி சொன்ன கதைகளை இவனிடம் அளக்கிறான் போல. 'நீயும் அந்த மாதிரி சொல்லு பாட்டி' என்று இவன் நச்சரிக்கிறான். எனக்குத் தெனாலிராமனைத் தாண்டித் தெரியாது. எதில் தொடங்கட்டும்? 'நமக்கு எதற்கு அவர்கள் மதக் கதை?' என்கிறார் வீட்டுக்காரர். ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம். என்ன வாங்கிப் போவது?
— ஒரு வாசகி, மும்பை

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. நம் பஞ்சதந்திரம் பாரசீகம், அரபி என்று போய், யூதர்களின் ஹீப்ரு மொழியிலும் ஏறியது. அந்த ஹீப்ரு நூலிலிருந்துதான் 13ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றினார்கள். நம் நரியும் சிங்கமும் ஐரோப்பாவுக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று. அவர்கள் நம் கதையைச் சுமந்திருக்கும்போது நாம் பதிலுக்கு ரெண்டு கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

நவ்காவ் கதையில் தொடங்குங்கள். கேட்வேயில் லாஞ்ச் படகு ஏறி மாண்ட்வாவில் இறங்கினால், அலிபாக் பக்கத்து ஊர் அது. ரொம்பக் காலத்துக்கு முன்னால் அங்கே கடலில் ஒரு கப்பல் உடைந்தது. ஏழு ஆணும் ஏழு பெண்ணும் மட்டும் கரையேறினார்கள். அவர்கள்தான் பெனே இஸ்ரேல்காரர்களின் முன்னோர் என்பது கதை. கையிலிருந்த புத்தகமெல்லாம் கடலோடு போயிற்று. 'ஷெமா' என்ற பிரார்த்தனை மட்டும் நினைவில் நின்றது. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. ஊர்க்காரர்கள் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

நான் பைகுல்லாவில் குடியிருந்தபோது மேல்மாடிப் பாட்டி ஒருவர் இதை மராத்தியில் சொல்லுவார். நடுவில் நிறுத்தி, 'முதல் ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பார்கள்?' என்று பிள்ளைகளைக் கேட்பார். என் பெண் 'வடாபாவ்' என்றாள். நீங்களும் அங்கே நிறுத்திக் கேளுங்கள். 'இது நிஜமா?' என்று பேரன் கேட்பான். எண்ணெய்ச் செக்கும் சனிக்கிழமை ஓய்வும் நிஜம். கப்பல் எந்தக் காலத்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களே ஒத்துப்போகவில்லை. 'அவங்க வீட்டுல அப்படித்தான் சொல்றாங்கடா' என்றால் போதும்.

அதே பக்கத்தில் கண்டாளா என்று ஒரு கிராமம். நீங்கள் நினைக்கிற மலைவாசஸ்தலம் இல்லை, இது வேறு. எலியா தீர்க்கதரிசி நெருப்பு ரதத்தில் வானேறினார் என்பது பைபிள் கதை. அவர் ரதம் இந்த வழியாகவும் போனது என்று சொல்லி, அங்குள்ள பாறையில் ஒரு தடத்தைக் காட்டுகிறார்கள். அவர் பேரில் 'மலிதா' படைப்பார்கள்: அவல், தேங்காய்த் துருவல், இனிப்பு, பழங்கள். அவலைத் தொட்டுச் சொன்னால் பேரன் உட்கார்ந்து கேட்பான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது யூதர்களின் பழைய மத நூலான தல்மூதில் வரும் ஹோனி என்பவர் கதை. ஒரு கிழவர் காரோப் மரம் நடுகிறார். காய்க்க எழுபது வருஷம் ஆகும். 'அதுவரை இருப்பீரா?' என்கிறார் ஹோனி. 'என் முன்னோர் நட்டது எனக்குக் கிடைத்தது. என் பிள்ளைகளுக்காக நான் நடுகிறேன்' என்கிறார் கிழவர். ஹோனி அங்கேயே தூங்கிவிடுகிறார், எழுபது வருஷம்! எழுந்தால் அந்தக் கிழவரின் பேரன் காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். மரம் நடு விழாக்களில் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். மூலத்தில் ஹோனி வீட்டுக்குப் போகிறார். மகன் இல்லை, பேரன்தான் இருக்கிறான். 'நான்தான் ஹோனி' என்றால் யாரும் நம்பவில்லை. பாடசாலைக்குப் போகிறார். 'ஹோனி காலத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது' என்று அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மனமுடைந்து வேண்டிக்கொண்டு இறந்துபோகிறார். குழந்தைக்கு எதற்குச் சோகம் என்று இதை வெட்டாதீர்கள். பேரன் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது இந்தப் பாதியைத்தான்.

சிரிக்க ஒன்று வேண்டுமா? யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தின் கடைசியில் பாடும் ஆட்டுக்குட்டிப் பாட்டு இருக்கிறது. அப்பா வாங்கிய குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைக் கம்பு அடிக்க, கம்பை நெருப்பு எரிக்க, நெருப்பைத் தண்ணீர் அணைக்க... இப்படியே எமன் வரை போகும், கடைசியில் கடவுள் வருவார். பேர் மறந்த ஈயின் கதையை மூச்சுவிடாமல் சொன்னவர்தானே நீங்கள்? இதுவும் வந்துவிடும்.

என்ன வாங்குவது என்றால், பழம். இறைச்சியோடு பால் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அந்த வீடுகளில் கறிக் குழம்புக்குத் தேங்காய்ப்பால்தான். மதியம் கோழி சமைத்திருந்தால் உங்கள் பால் பேடா டப்பாவை யாரும் தொட முடியாது.